அக்ரூட்: தற்காப்பே கொடையான மரம்

அக்ரூட் மரத்தின் எந்தப் பாகத்தைத் தொட்டாலும், அது தன்னைக் காத்துக்கொள்ளச் செய்த ஓர் ஏற்பாட்டின் மேல்தான் கை படும். காயின் பச்சைத் தோலில் பூச்சியையும் பூஞ்சையையும் விரட்டும் நஞ்சு. அதற்கு உள்ளே எளிதில் உடையாத ஓடு. ஓட்டுக்குள் பருப்பைப் போர்த்தியிருக்கும் துவர்ப்புத் தோல். தண்டிலும் வேரிலும் கசக்கும் பட்டை. இத்தனையும் மரம் தனக்காகச் சேர்த்துவைத்தவை. அவற்றை மனிதர்கள் ஒவ்வொன்றாக அறிந்துகொண்டு சாயம், பல்துலக்கி, ஓவிய எண்ணெய், துப்பாக்கிக் கட்டை, சித்திரவேலைப் பெட்டி, பூசைப் பொருள் என்று தம் வாழ்வுக்குள் கொண்டுவந்தார்கள். நம் ஊர்க் கடைகளில் வால்நட் என்று கேட்டு வாங்கும் பருப்பு அந்த மரம் தருவனவற்றுள் ஒன்று மட்டுமே. முழு மரத்தின் கதை மத்திய ஆசியாவின் மலைகளில் தொடங்குகிறது.

மலையிலிருந்து இறங்கிய விதை

கிர்கிஸ்தானின் தெற்கே, ஜலால்-அபாத் பகுதியில் அர்ஸ்லான்பாப் என்ற ஊர் இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள மலைச்சரிவுகளில் பல்லாயிரம் ஏக்கருக்கு அக்ரூட் மரங்கள் தாமாகவே வளர்ந்து காடாக நிற்கின்றன. உலகிலேயே மிகப் பெரிய இயற்கை அக்ரூட் காடு இதுதான் என்கிறார்கள். இலையுதிர் காலம் வந்ததும் உள்ளூர்க் குடும்பங்கள் கூடாரங்களோடு காட்டுக்குள் குடியேறி, வாரக்கணக்கில் தங்கிக் கொட்டைகளைப் பொறுக்குகின்றன. அலெக்சாந்தர் இந்தக் காட்டிலிருந்துதான் கிரேக்கத்துக்கு அக்ரூட்டைக் கொண்டுபோனார் என்று அங்கே ஒரு கதை சொல்வார்கள். கதை உண்மையோ இல்லையோ, அதன் அடியில் சரியான ஒரு கேள்வி இருக்கிறது: இவ்வளவு கனமான விதை எப்படி இத்தனை தூரம் போனது?

காற்றில் பறக்க இதற்குச் சிறகில்லை. முள்ளில்லாததால் ஆட்டு மயிரில் ஒட்டாது. அணில்களும் காக்கை இனப் பறவைகளும் குளிர்காலத்துக்கென்று மண்ணில் புதைத்துவைத்து, மறந்துபோகும் கொட்டைகள்தாம் முளைக்கின்றன. அணில் கொண்டுபோவது ஒரு சரிவைத் தாண்டாது. பாலைவனத்தையும் பனிமலையையும் கடக்க மனிதனின் பை வேண்டியிருந்தது. ஆசிய அக்ரூட் மரங்களின் மரபணுக்களை ஒப்பிட்டு 2015-இல் வெளியான ஓர் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. மரங்களுக்கு இடையிலான உறவு மலைகளாலும் பாலைவனங்களாலும் மட்டும் தீர்மானிக்கப்படவில்லை. பழைய வணிகப் பாதைகளும், அப்பாதைகளில் வாழ்ந்த மக்கள் பேசிய மொழிகளின் உறவும்கூட அதில் பதிந்திருந்தன. உறவுள்ள மொழிகளைப் பேசியவர்கள் ஒருவருக்கொருவர் விதைகளையும் கொடுத்துவாங்கியிருக்கிறார்கள்.

இந்தப் பயணத்துக்குக் கொட்டையின் கட்டமைப்பே உதவியது. உலர்ந்த அக்ரூட் ஓட்டோடு இருந்தால் மாதக்கணக்கில் கெடாது. மூட்டையில் அடிபட்டாலும் நசுங்காது. பருப்பின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கொழுப்பு என்பதால் ஒரு கைப்பிடி தின்றால் பல மணிநேரம் நடக்கலாம். ஒட்டகக்காரன் தின்றது போக மீந்ததைத் தங்கிய இடத்தில் ஊன்றியிருந்தால் போதும், அடுத்த தலைமுறை வணிகர்களுக்கு அங்கே நிழலும் தீனியும் இருக்கும். அக்ரூட் கிழக்கே சீனாவுக்குப் போனதும், மேற்கே பாரசீகத்துக்குப் போனதும், தெற்கே இமயத்தின் பள்ளத்தாக்குகளுக்கு வந்ததும் இப்படித்தான் இருக்க வேண்டும்.

கறுப்பேற்றும் சாறு

அக்ரூட்டின் பயன்களைப் புரிந்துகொள்ள முதலில் அதன் வேதியியலைக் கொஞ்சம் அறிய வேண்டும். பச்சைக் காயை நறுக்கினால் உள்ளே வெண்மையாக இருக்கும் சதை சற்று நேரத்தில் மஞ்சளாகி, பிறகு பழுப்பாகி, கடைசியில் கறுத்துவிடும். உயிருள்ள மரத்துக்குள் தீங்கற்ற வடிவில் ஒரு பொருள் இருக்கிறது. தோல் காயம்பட்டுக் காற்று பட்டதும் அது ஜூக்லோன் என்ற நஞ்சாக மாறுகிறது. மரம் தன் ஆயுதத்தை உறையிலேயே வைத்திருக்கிறது. யாராவது கடித்தால்தான் அது வெளியே வரும்.

ஜூக்லோன் பல செடிகளின் வளர்ச்சியைத் தடுக்கும். இலையிலிருந்தும் வேரிலிருந்தும் உதிர்ந்த தோலிலிருந்தும் அது மண்ணுக்குள் இறங்குகிறது. அமெரிக்காவின் கறுப்பு அக்ரூட்டில் இது மிகுதி. அம்மரத்தின் அருகே தக்காளி வாடுவதை அங்குள்ள உழவர்கள் தலைமுறைகளாகச் சொல்லிவருகிறார்கள். நாம் தின்னும் பாரசீக வகையில் அளவு குறைவு. அந்த வாட்டத்தில் ஜூக்லோனுக்கு எவ்வளவு பங்கு, அடர்ந்த நிழலுக்கும் நீர்ப்போட்டிக்கும் எவ்வளவு பங்கு என்று அறிவியலாளர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். அக்ரூட் நிழல் மற்றச் செடிகளுக்கு ஆகாது என்ற எண்ணம் மட்டும் பழமையானது. முதல் நூற்றாண்டு ரோமானிய எழுத்தாளர் பிளினியே அதைக் குறித்துவைத்திருக்கிறார்.

அதே பிளினி இன்னொன்றும் சொல்கிறார்: பச்சைத் தோலால் கம்பளி நூலுக்குச் சாயமேற்றினார்கள், பிஞ்சுக் காயால் தலைமுடிக்கு நிறமூட்டினார்கள். மற்றச் செடிகளை விரட்டும் அதே சாறுதான் இழையைப் பற்றிக்கொண்டு விடாத பழுப்புச் சாயமாகிறது. பல இயற்கைச் சாயங்களுக்குப் படிகாரம் போன்ற நிறம்பிடிப்பான் வேண்டும். அக்ரூட் தோலுக்கு அது கட்டாயமில்லை. தோலைத் தண்ணீரில் ஊறவைத்துக் கொதிக்கவைத்து நூலை முக்கினால் போதும். ஈரான் முதல் காஷ்மீர் வரை கம்பளங்களில் காணும் பழுப்புகளில் பல இப்படி வந்தவை. ஐரோப்பாவில் இதையே காய்ச்சி மையாகவும் மரச்சாமான்களுக்குப் பூசும் நிறமாகவும் வைத்துக்கொண்டார்கள். அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைகளில் கறுப்பு அக்ரூட் தோலை இடித்து ஓடையில் கலந்து மீன்களை மயக்கிப் பிடித்த வழக்கமும் இருந்தது. நீரில் உள்ள மற்ற உயிர்களும் அதில் சாகும் என்பதால் அது இன்று தடைசெய்யப்பட்டிருக்கிறது.

பாமியானிலிருந்து லண்டன் வரை

கிரேக்கர்களும் ரோமானியர்களும் நல்ல அக்ரூட் வகைகளைப் பாரசீகத்திலிருந்து பெற்றார்கள். ரோமானியத் திருமணங்களில் மணமகன் கொட்டைகளை இறைத்துவிட்டுப் போவது சடங்கு. கி.பி. 79-இல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது புதைந்த ஹெர்குலேனியத்திலும் பொம்பெய்யிலும் கரியாகிப்போன அக்ரூட்கள் அகழ்ந்தெடுக்கப்பட்டன. ரோமானியப் படைகள் போன வழியெல்லாம், ஆல்ப்ஸைத் தாண்டியும்கூட, மரம் பரவியது.

பருப்பின் எண்ணெய்க்கு இன்னொரு வரலாறு உண்டு. காற்று பட்டால் மெல்ல இறுகிப் படலமாகும் எண்ணெய் அது. அந்தத் தன்மை சமையலறையில் குறை, ஓவியக்கூடத்தில் பெரும் நிறை. பதினைந்தாம் நூற்றாண்டு இத்தாலிய ஓவியர்கள் நிறங்களைக் குழைக்க அக்ரூட் எண்ணெயை விரும்பினார்கள். ஆளிவிதை எண்ணெயைவிட அது மஞ்சளாவது குறைவு என்பதால் வானத்துக்கும் வெண்துகிலுக்கும் ஏற்றதாக இருந்தது. லியொனார்தோ டா வின்சி தம் குறிப்பேடுகளில் அந்த எண்ணெயைத் தெளிவாக எடுக்கும் முறை பற்றி எழுதியிருக்கிறார். அவருக்கு எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே ஆப்கானிஸ்தானின் பாமியான் குகைகளில் எண்ணெயில் நிறம் குழைக்கும் உத்தி தெரிந்திருந்தது என்பது 2008-இல் வெளிவந்த செய்தி. 2001-இல் தாலிபான்கள் தகர்த்த புத்தர் சிலைகளுக்குப் பின்னுள்ள குகைகளின் சுவரோவியங்களை ஆராய்ந்தவர்கள், ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்த சிலவற்றில் உலரும் எண்ணெய் கலந்திருப்பதைக் கண்டார்கள். அக்ரூட் எண்ணெயாகவோ கசகசா எண்ணெயாகவோ இருக்கலாம் என்பது அவர்கள் கணிப்பு. வணிகர்கள் தின்றுகொண்டு வந்த கொட்டை அதே பாதையில் புத்தரின் ஆடைக்கு நிறம் பூசவும் உதவியிருக்கக்கூடும்.

ஐரோப்பாவில் மரக்கட்டைக்கும் மதிப்பு ஏறியது. 1709-இன் கொடுங்குளிரில் பிரான்சிலும் அண்டை நாடுகளிலும் அக்ரூட் மரங்கள் பெருமளவில் செத்தன. மிஞ்சியதைக் காக்க பிரான்ஸ் 1720-இல் கட்டை ஏற்றுமதியைத் தடைசெய்தது. லண்டன் தச்சர்கள் வேறு வழியின்றிக் கரீபியத் தீவுகளின் மகோகனிக்கு மாறினார்கள். ஆங்கிலேய மரச்சாமானின் முகமே அதனால் மாறியது. துப்பாக்கிக் கட்டைக்கு மட்டும் மாற்று கிடைக்கவில்லை. சுடும்போது வரும் உதையைத் தாங்கி, பிளக்காமல், மழையிலும் வெயிலிலும் முறுகாமல் இருக்கும் மரம் வேறு எளிதில் அமையவில்லை. ஐரோப்பியப் போர் ஒவ்வொன்றும் அக்ரூட் தோப்புகளில் கோடரி விழுந்த காலமும் ஆயிற்று.

காஷ்மீரத்து முற்றம்

இந்தியாவில் விளையும் அக்ரூட்டில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் ஜம்மு காஷ்மீரில் விளைகிறது. அனந்தநாக், குப்வாரா, ஷோபியான், பாரமுல்லா என்று பள்ளத்தாக்கு முழுவதும் மரங்கள் நிற்கின்றன. பெரும்பாலானவை திட்டமிட்ட தோட்டத்தில் இல்லை. வீட்டு முற்றத்தில், வயல் வரப்பில், வாய்க்கால் கரையில், கல்லறைத் தோட்டத்தில் ஒவ்வொன்றாக வளர்ந்தவை. 25 மீட்டருக்கு மேல் உயரும் ஒரு மரத்தின் நிழலில் கோடை முழுக்க வீட்டு வேலைகள் நடக்கும். காஷ்மீரியில் கொட்டைக்கு டூன் என்று பெயர். ஓட்டின் தன்மையை வைத்து மூன்று வகையாகப் பிரிக்கிறார்கள். கைவிரலால் உடைக்கக்கூடிய மெல்லிய ஓடு காகஸி. நடுத்தரம் புர்ஜில். கல் போல் கடினமானது வோந்த். நிலவரி அதிகாரியாக இருந்த வால்டர் லாரன்ஸ் 1895-இல் வெளியிட்ட காஷ்மீர் நூலிலும் இந்த வகைப்பாடு இருக்கிறது.

ஆகஸ்ட் கடைசியில் பச்சைத் தோல் வெடிக்கத் தொடங்கினால் அறுவடை வந்துவிட்டது என்று பொருள். ஆண்கள் மரமேறி நீண்ட கழிகளால் கிளைகளை அடிக்கிறார்கள். கீழே பெண்களும் பிள்ளைகளும் பொறுக்குகிறார்கள். தோல் உரிக்கும் வேலை அவர்களுடையது. உரித்தவர்களின் விரல்கள் கறுத்து, சோப்பாலும் போகாமல், வாரக்கணக்கில் அப்படியே இருக்கும். செப்டம்பரில் கையைப் பார்த்தே இவர் வீட்டில் அறுவடை என்று சொல்லிவிடலாம். பிறகு கொட்டைகளை ஓடைநீரில் கழுவி வெயிலில் பரப்புகிறார்கள். இந்தக் கட்டத்தில் ஒரு நாள் தாமதித்தாலும் கறை உள்ளே இறங்கிப் பருப்பு கறுத்துவிடும். பருப்பை அங்கே கிரி என்பார்கள். வெளிறிய கிரிக்கு நல்ல விலை, கறுத்த கிரிக்குப் பாதி விலை என்பது சந்தைக் கணக்கு.

அறுவடையில் ஒரு துயரமும் ஆண்டுதோறும் உண்டு. உயர்ந்த கிளையில் வழுக்கி விழுந்து இறப்பவர்கள், முதுகெலும்பு முறிந்து படுக்கையில் விழுபவர்கள் பற்றிய செய்தி ஒவ்வோர் அறுவடைக் காலத்திலும் அங்கிருந்து வருகிறது. பலர் கூலிக்கு ஏறுபவர்கள். இடுப்பில் கயிறுகூட இல்லாமல் ஏறுகிறார்கள். நாம் தின்னும் பருப்பின் விலையில் அவர்களுடைய காப்புக்கு ஒரு பைசாவும் சேர்ந்திருப்பதில்லை என்பதை நாம் மனத்தில் வைக்க வேண்டும்.

சமையலறையில் டூன் சேட்டின் என்றொரு சட்னி உண்டு. பருப்பை மிளகாய், புதினாவோடு அரைத்துத் தயிரில் கலப்பார்கள். முன்பு எண்ணெய் ஆட்டி விளக்கெரிக்கவும் சமைக்கவும் வைத்துக்கொண்டார்கள். பட்டைக்கும் வேலை உண்டு. காஷ்மீர், பஞ்சாப், பட்டாணிய நாடு எங்கும் தண்டாசா என்ற பெயரில் அக்ரூட் பட்டைத் துண்டுகள் கடைவீதியில் கிடைக்கும். பெண்கள் அதை மென்று பல் துலக்குவார்கள். துவர்ப்பு ஈறை இறுக்கும், சாறு உதட்டைச் சிவப்பாக்கும். பூஞ்சை புகாமல் மரம் கட்டிய மதிலே பெண்களுக்கு அழகுப் பொருளும் ஆயிற்று. வேர்ப்பட்டையை உரித்தால் மரம் பட்டுப்போகும் என்பதால் இந்தப் பயன் அளவோடு இருந்தால்தான் நல்லது.

எல்லாவற்றிலும் என் மனத்தைத் தொடுவது சிவராத்திரி. காஷ்மீரப் பண்டிதர்கள் அதை ஹேரத் என்று, மற்றவர்களுக்கு ஒரு நாள் முன்னதாக, தேய்பிறைத் திரயோதசியில் கொண்டாடுகிறார்கள். பூசையில் வைக்கும் மண்பானையை அக்ரூட்டும் நீரும் கொண்டு நிரப்புவார்கள். சிவனும் பார்வதியும் பரிவாரமும் அதில் எழுந்தருளியிருப்பதாக நம்பிக்கை. பிறகு, டூன் மாவஸ் எனப்படும் அமாவாசையன்று, ஊறிய கொட்டைகளை எடுத்து உறவினருக்கும் அண்டை வீட்டாருக்கும் கொடுப்பார்கள். அண்டை வீட்டார் பல ஊர்களில் முஸ்லிம்கள். 1990-இல் பண்டிதர்களில் பெரும்பாலோர் பள்ளத்தாக்கைவிட்டு வெளியேற நேர்ந்த பின் ஜம்முவிலும் டெல்லியிலும் அடுக்ககங்களில் அதே பானை வைக்கப்படுகிறது. மரத்தைக் கொண்டுபோக முடியாதவர்கள் கொட்டையைக் கொண்டுபோனார்கள். வழிப்போக்கர்களின் பையில் தொடங்கிய இந்தப் பயணத்தில், வீடிழந்தவர்களின் பையில் அது போனதும் ஒரு பகுதியாகிவிட்டது.

கட்டையின் இரண்டாம் வாழ்வு

காய்ப்பு ஓய்ந்த மரம் ஸ்ரீநகரின் சிற்பத் தச்சர்களிடம் போகிறது. பதினைந்தாம் நூற்றாண்டில் ஆண்ட சுல்தான் ஜைனுல் ஆபிதீன் மத்திய ஆசியாவிலிருந்தும் பாரசீகத்திலிருந்தும் கைவினைஞர்களை வரவழைத்து ஊக்குவித்தார் என்பது மரபு. விதை வந்த திசையிலிருந்தே உளியின் கலையும் வந்தது.

ஒரே மரத்திலும் கட்டை ஒரே மாதிரி இருப்பதில்லை. வேர்ப்பகுதி மிகக் கருமை, அதன் வரிகள் அழுத்தமானவை, ஆகவே விலை அதிகம். அடிமரம் அதற்கு அடுத்தது. கிளைக்கட்டை வெளிர்நிறம், விலையும் குறைவு. அறுத்த பலகைகளைக் காற்று புகும்படி அடுக்கி நிழலில் ஆண்டுக்கணக்கில் உலரவிடுகிறார்கள். அவசரப்பட்டால் பிறகு வெடிக்கும். உலர்ந்த பலகையில் நக்காஷ் எனப்படும் செதுக்குபவர் வடிவத்தை வரைந்து, சின்னஞ்சிறு உளிகளாலும் மரச் சுத்தியாலும் சினார் இலை, ரோசா, தாமரை, திராட்சைக் கொடி என்று எழுப்புகிறார். மேலோட்டமான புடைப்பு, ஆழ்ந்த புடைப்பு, ஊடறுத்த சல்லடை வேலை என்று பல முறைகள் உள்ளன. கடைசியில் வழவழப்பான கல்லால் தேய்த்து மெழுகிடுவார்கள். வண்ணம் பூசுவதில்லை. மரத்தின் சொந்த நிறமே போதும். இக்கலைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. ஸ்ரீநகரின் பந்தூக் கர் மொகல்லாவில் இன்றும் கையால் துப்பாக்கி செய்யும் சிலர், கைப்பிடிக் கட்டைக்கு அக்ரூட்டைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

இவ்வளவு பயனுள்ள கட்டை மரத்துக்கே ஆபத்தாகும் என்பதை அரசு முன்னரே உணர்ந்தது. 1969-இல் வந்த ஜம்மு காஷ்மீர் குறிப்பிட்ட மரங்கள் பாதுகாப்புச் சட்டம், அனுமதியின்றி அக்ரூட்டை வெட்டக்கூடாது என்றது. சொந்த முற்றத்தில் நிற்பதானாலும் இதுதான் விதி. பட்டுப்போன, ஆபத்தான மரத்துக்கே அனுமதி கிடைக்கும். சட்டத்தால் கட்டை வரத்துக் குறைந்து தச்சர்களுக்குச் சிரமம் உண்டு. ஆனாலும் வெட்டியதை ஈடுசெய்ய ஒரு தலைமுறை பிடிக்கும் மரத்துக்கு இந்தக் காவல் தேவைதான்.

கலிபோர்னியாவின் கணக்கு

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்பானியப் பாதிரிமார்கள் அக்ரூட்டைக் கலிபோர்னியாவுக்குக் கொண்டுசென்றார்கள். அது சிறுத்த, கடினமான கொட்டை. 1867-இல் ஜோசப் செக்ஸ்டன் என்பவர் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு மூட்டை அக்ரூட் வாங்கி, சான்டா பார்பரா அருகே விதைத்தார். அதில் முளைத்தவற்றில் சில மெல்லோட்டு மரங்களாக அமைந்து வணிகச் சாகுபடிக்கு வழி திறந்தன. பிரான்சிலிருந்து குடியேறிய பெலிக்ஸ் ஜில்லே, நெவாடா சிட்டி என்ற சிற்றூரில் வைத்திருந்த நாற்றங்காலில் பிரெஞ்சு வகைகளைப் பெருக்கினார். அதன் பிறகு பாரசீக அக்ரூட்டின் கிளையை அமெரிக்க அக்ரூட்டின் உறுதியான வேர்மேல் ஒட்டுக்கட்டினார்கள். 1979-இல் கலிபோர்னியப் பல்கலைக்கழகம் வெளியிட்ட சாண்ட்லர் என்ற வகை, கிளை நுனியில் மட்டுமின்றிப் பக்க மொட்டுகளிலும் காய்க்கும், வெளிறிய பருப்பைத் தரும். இன்று எந்திரம் மரத்தைப் பிடித்து உலுக்குகிறது, இன்னோர் எந்திரம் கூட்டி அள்ளுகிறது, காய்ந்த பருப்பு உலகெங்கும் கப்பலேறுகிறது. உற்பத்தியில் சீனா அமெரிக்காவையும் முந்திவிட்டது. நம் ஊர் அங்காடியில் கலிபோர்னியாவும் சிலேவும் காஷ்மீருக்குப் பக்கத்திலேயே அமர்ந்திருக்கின்றன.

இதில் வியப்பு எனக்கு உண்டு, கவலையும் உண்டு. ஒட்டுக்கட்டிய சாண்ட்லர் மரம் ஒவ்வொன்றும் ஒரே மரத்தின் படி. ஒரே நாளில் பூக்கும், ஒரே அளவில் காய்க்கும், ஒரே நோய்க்கு ஒன்றாக மடியவும் கூடும். விதையில் முளைத்த காஷ்மீர மரங்களிலோ ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காது. ஒன்று தாமதமாகத் தளிர்த்து ஏப்ரல் உறைபனிக்குத் தப்பும். ஒன்று வறட்சி தாங்கும். சந்தை இவற்றைச் சீரில்லாத சரக்கு என்கிறது. ஆனால் பருவம் தடுமாறும் காலத்தில் நாளைக்கு வேண்டிய பண்பு எந்த முற்றத்து மரத்தில் இருக்கிறதென்று யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

தோட்டத்தில் வைப்பவர்களுக்கு

அக்ரூட்டுக்குக் குளிர் உறக்கம் வேண்டும். வகையைப் பொறுத்து ஏறக்குறைய 700 முதல் 1500 மணிநேரம் வரை தாழ்ந்த வெப்பநிலை கிடைத்தால்தான் மொட்டு சரியாக விரியும். ஆகவே நம் சமவெளிகளுக்கு இது ஏற்றதில்லை. இமயப் பகுதியிலோ வேறு குளிர்நாட்டிலோ தோட்டம் உள்ள நம்மவர்கள் இதைக் கவனிக்கலாம்.

புதிய கொட்டையை ஈரமணலில் வைத்து இரண்டு மூன்று மாதம் குளிரில் இருக்கவிட்டால் நன்றாக முளைக்கும். நாற்று முதலில் ஆணிவேரை ஆழமாக இறக்கும். அதனால் இளமையிலேயே நிலையான இடத்தில் நட்டுவிட வேண்டும். நீர் தேங்காத, ஆழமான வண்டல் கலந்த மண் சிறந்தது. மரத்துக்கு மரம் பத்துப் பன்னிரண்டு மீட்டர் இடைவெளி விடுவது நல்லது. சுவரையும் சாக்கடையையும் விட்டு விலகியே நட வேண்டும். ஆண் பூச்சரமும் பெண் பூவும் ஒரே மரத்தில்தான் வரும். ஆனால் பெரும்பாலும் ஒரே நேரத்தில் பக்குவமாகா. இதன் பெண் பூ பக்குவமாகும் நேரத்தில் மகரந்தம் உதிர்த்துக் காற்றில் அனுப்பும் இன்னொரு மரம் அருகில் இருப்பது காய்ப்பைக் கூட்டும்.

விதைமரம் காய்க்க எட்டுப் பத்து ஆண்டுகளுக்கு மேலாகும். ஒட்டுக்கன்று நான்கைந்து ஆண்டில் தொடங்கும். மாங்கன்றை ஒட்டுவதுபோல் இதை எளிதாக ஒட்ட முடியாது. வெட்டிய இடத்தில் சாறு கசியும். அதிலுள்ள துவர்ப்புப் பொருள்கள் காற்றுப்பட்டுக் கறுத்து, திசுக்கள் கூடுவதைத் தடுக்கும். 27 பாகை செல்சியஸ் அளவிலான வெப்பம் வாரக்கணக்கில் நிலைத்தால்தான் காயம் ஆறி ஒட்டு பிடிக்கும். பகைவரை எதிர்க்க வைத்திருந்த அரணை மரம் ஒட்டுக்கத்தியிடமும் காட்டுகிறது. பசுமைக்குடிலில் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் முறையால் ஸ்ரீநகரிலுள்ள மத்தியக் குளிர்மண்டலத் தோட்டக்கலை நிறுவனம் போன்றவை இந்தத் தடையைக் கடந்து கன்றுகளைத் தருகின்றன. கிளை கழிக்க வேண்டுமானால் தளிர்க்கும் காலத்தைத் தவிர்த்துக் கோடையில் கழிக்கலாம், சாறு வடிவது குறையும்.

மரத்தடியில் தக்காளி, கத்தரி, உருளைக்கிழங்கு வேண்டாம். சோளம், பீன்ஸ், வெங்காயம் தாங்கும். உதிர்ந்த இலையைக் குவித்து நன்றாக மட்கவைத்தால் ஜூக்லோன் சிதைந்துவிடும், பிறகு தாராளமாக எருவாக்கலாம். பச்சைத் தோலை எறியாமல் உலர்த்தி வைத்தால் ஓராண்டுக்குச் சாயம் கிடைக்கும். உரிக்கும்போது மட்டும் கையுறை அவசியம்.

யாருடைய காவல்?

பூச்சி, பூஞ்சை, அணில், போட்டிச் செடி ஆகிய பகைகள் அனைத்துக்கும் இந்த மரம் விடை வைத்திருக்கிறது. விலைக்கு மட்டும் அதனிடம் விடை இல்லை. பழைய மரத்தின் கிரிக்கு விலை கட்டவில்லை என்றால் உரிமையாளர் அந்த இடத்தில் ஆப்பிளை வைப்பார். அவரைக் குறைசொல்ல முடியாது. ஆப்பிள் சீக்கிரம் காய்க்கும், யாரும் அதிலிருந்து விழுந்து சாவதில்லை.

எனவே புதிய நடவையும் பழைய மரங்களின் காவலையும் சேர்த்துச் செய்ய வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். புதிதாக நடுகிறவர்களுக்குத் தாழ்ந்து வளரும் ஒட்டுக்கன்று கிடைக்கட்டும். உயிரைப் பணயம் வைத்து ஏறும் தேவை அதனால் குறையும். பழைய மரத்தில் ஏறுபவர்களுக்கு இடுப்புப் பட்டையும் காப்பீடும் கட்டாயமாகட்டும். விதைமரங்களில் சிறந்தவற்றைத் தேடிப் பதிவுசெய்து, அவற்றின் கிளைகளையே ஒட்டுக்கு எடுத்தால் காஷ்மீரத்து வகைகள் அழியாமல் பெருகும். சாண்ட்லரும் வரட்டும், ஆனால் தனியாக வராமல் அவற்றோடு சேர்ந்து வரட்டும்.

வாங்குகிற நமக்கும் ஒரு பங்கு இருக்கிறது. கிரி உடைந்து காற்றுப்பட்டதும் அதன் எண்ணெய் சிக்கெடுக்கத் தொடங்கும். ஓட்டோடு வாங்கித் தேவைக்கு உடைத்துத் தின்பதே சுவைக்கும் உடலுக்கும் நல்லது. கடையில் எந்த ஊர்க் கொட்டை என்று கேளுங்கள். காஷ்மீரம் என்றால், பருப்பு கொஞ்சம் சிறுத்தும் நிறம் சற்று மங்கியும் இருந்தாலும் விலை பேசாமல் வாங்குங்கள். அந்த மங்கல் பெரும்பாலும் தரக்குறைவு அன்று. யாரோ கைவிரல் கறுக்க உரித்து, ஓடையில் கழுவி, வெயிலை நம்பி உலர்த்தியதன் நிறம். அதற்கு உரிய விலை கிடைத்தால்தான் அங்கே ஒருவர் தம் முற்றத்தில் இன்னொரு விதையை ஊன்றத் துணிவார்.